ஏழாம் நம்பர் கட்டில்

"அத்தை, காலைக் கொஞ்சம் மடக்கிக்கங்க. மிஷினை அந்தப் பக்கம் தள்ளணும்."

அன்று காலையில் மருமகள் இதைச் சொல்வது மூன்றாவது தடவை. முதல் தடவை, அவள் புருஷன் குளிக்கப் போனபோது. இரண்டாவது தடவை, மகள் ஈரத் தலையோடு ஓடிவந்து கட்டில் காலில் இடித்துக்கொண்டபோது. இப்போது தையல் மிஷின். வீட்டில் இருந்தது இரண்டே அறை. சமையலறைக்கும் குளியலறைக்கும் நடுவே போகிற நடையில் ஒரு மடக்குக் கட்டிலைப் போட்டு, அதில் வாளியம்மாவைப் படுக்க வைத்திருந்தார்கள். அந்த வீட்டில் யார் எங்கே போவதென்றாலும் அவர் காலைத் தாண்டித்தான் போக வேண்டும்.

"மடங்கினா மடக்கிக்க மாட்டேனா?" என்றார் வாளியம்மா. "இந்தக் கால் இப்பல்லாம் யாரு பேச்சையும் கேக்கறதில்ல."

"நான் குத்தமா சொல்லல, அத்தை."

"நானும் குத்தமா எடுத்துக்கலம்மா."

இரண்டு பேரும் பொய்தான் சொன்னார்கள். ஆனாலும் நல்ல மனதோடு சொன்ன பொய். மருமகள் கெட்டவள் இல்லை. கெட்டவளாக இருந்திருந்தால் வாளியம்மாவுக்கு வசதியாக இருந்திருக்கும். கோபித்துக்கொண்டு ஒரு நல்ல நாளில் கிளம்பியிருக்கலாம். இவளோ பள்ளிக்கூடச் சீருடை தைத்துக்கொடுத்துக்கொண்டே, நேரத்துக்குச் சோறு போட்டு, மாத்திரையை எடுத்துக்கொடுத்து, கழிப்பறைக்குக் கைத்தாங்கலாகக் கூட்டிப்போய், பிறகு அடுப்படியில் திரும்பி நின்று பெருமூச்சு விடுகிறவள். அந்தப் பெருமூச்சு நடைவரைக்கும் கேட்கும். அதுதான் வாளியம்மாவுக்குத் தாங்கவில்லை.

மருமகள் என்றாலும் சொந்த மருமகள் இல்லை. அக்கா மகனுடைய பெண்டாட்டி. அக்கா மகன் பள்ளிக்கூட வேன் ஓட்டுகிறவன். வாளியம்மாவுக்குப் புருஷன் சீக்கிரமே போய்விட்டார், பிள்ளையும் இல்லை. அதனால் அவர் தன்னுடைய முப்பத்தெட்டாம் வயதில் தேவாலயத்துக்குப் பின்னால் இருக்கிற ஓய்வு இல்லத்துக்கு ஆயாவாகப் போனார். பன்னிரண்டு கட்டில் உள்ள இல்லம். வயதான போதகர்கள், பிரசங்கிகள், சபைப் பள்ளிக்கூடத்து ஆசிரியைகள், அவர்கள் விட்டுப்போன விதவைகள் என்று கர்த்தருக்கு ஊழியம் செய்து களைத்தவர்கள் கடைசிக்காலத்தில் வந்து படுக்கிற இடம். தடுப்புச் சுவருக்கு அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் பெண்கள்.

அங்கே வாளியம்மா இருபத்தாறு வருஷம் இருந்தார். குளிப்பாட்டுவது, புரட்டிப் படுக்க வைப்பது, படுக்கை நனைந்தால் மாற்றுவது, வாந்தியை அள்ளுவது, செத்துப்போனவர்களைத் துடைத்துக் கிடத்துவது எல்லாம் அவர் கைதான். எப்போது பார்த்தாலும் கையில் ஒரு வாளி. யாரோ ஒரு பிரசங்கியார் விளையாட்டாக "வாளியம்மா" என்று கூப்பிட, அதுவே நிலைத்துவிட்டது.

சேர்ந்த புதிதில் ஒருதடவை அவர் செயலாளரிடம் சம்பளம் கேட்டார். செயலாளருக்கு முகம் வாடிவிட்டது.

"என்னம்மா இது? ஊழியத்துக்கு யாராவது சம்பளம் கேப்பாங்களா? சாப்பாடு இருக்கு, கைச்செலவுக்குத் தர்றோம். உங்க பலன் அங்க இருக்கு." விரலை மேலே காட்டினார். அந்த இடத்தில் அப்போது மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

வாளியம்மா அதை நம்பினார். இன்றைக்கும் நம்புகிறார். அதில் சிரிப்பதற்கு ஒன்றுமில்லை. இன்னொருவருடைய மலத்தைத் துடைத்துவிட்டுக் கை கழுவும்போது, இதையும் ஒருவர் மேலேயிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறார் என்று நினைத்தால் பாதி நாற்றம் போய்விடும். மீதியைச் சோப்பு பார்த்துக்கொள்ளும். இருபத்தாறு வருஷம் அவர் அப்படித்தான் கை கழுவினார்.

ஆறு மாதத்துக்கு முன்னால், ஆறாம் நம்பர் கட்டிலில் இருக்கிற, முன்பிருந்த ஒரு போதகரின் விதவையான போதகரம்மாவைக் குளிப்பாட்டிக் கூட்டிவந்து உட்கார வைத்துவிட்டு, குளியலறையைக் கழுவப் போனவர் வழுக்கி விழுந்தார். இடுப்பில் தகடு வைத்தார்கள். இல்லத்தின் நிர்வாகக் குழு முழுவதும் ஆஸ்பத்திரிக்கு வந்து கட்டிலைச் சுற்றி நின்று ஜெபித்தது. போகும்போது ஒரு சுவர்க்கடிகாரம் கொடுத்தது. இனிமேல் நேரத்துக்கு எழுந்திருக்க வேண்டாதவர்களுக்குக் கடிகாரம் கொடுப்பது அந்தக் குழுவின் பழக்கம்.

இப்போது ஏழாம் நம்பர் கட்டில் காலியாகியிருந்தது. அதில் இருந்த ஆசிரியை போன வாரம் இறந்துவிட்டார். ஜன்னலோரக் கட்டில். பக்கத்திலேயே கைப்பிடி வைத்த கழிப்பறை. இடுப்பு உடைந்தவருக்கு அதைவிட நல்ல இடம் இந்தப் பூமியில் இல்லை.

அக்கா மகன் பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, அதே வேனில் சித்தியை ஏற்றிக்கொண்டு இல்லத்து அலுவலகத்துக்குப் போனான். உள்ளே செயலாளரும் போதகரும் ஆண்டுவிழாவுக்கான அழைப்பிதழைத் திருத்திக்கொண்டிருந்தார்கள். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பேராயர் வருகிறார். "தாழ்மையான ஊழியமும் நித்திய பலனும்" என்பது அன்றைய பிரசங்கத் தலைப்பு. அதை எவ்வளவு பெரிய எழுத்தில் போடுவது என்பதில்தான் இரண்டு பேருக்கும் அபிப்பிராய பேதம்.

வாளியம்மாவைப் பார்த்ததும் இரண்டு பேரும் எழுந்து நின்றார்கள். நாற்காலி போட்டார்கள். மரியாதையில் ஒரு குறையும் இல்லை. விண்ணப்பத்தை வாங்கிய செயலாளர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டார்.

"ஊழிய ஆண்டுகள்னு ஒரு இடம் இருக்கே, இதை நிரப்பாம விட்டிருக்கீங்க."

"எனக்கு எழுத வராது ஐயா, இவன் எழுதினதுல விட்டுப்போச்சு. இருபத்தாறுன்னு போட்டுக்கங்க."

செயலாளர் பேனாவை எடுக்கவில்லை. "அது எப்படிம்மா போடறது? இந்த இல்லம் ஊழியம் செஞ்சவங்களுக்கு. நீங்க செஞ்சது வேலை."

வாளியம்மா யோசித்தார். நிஜமாகவே யோசித்தார். அவருக்கு எதிர்வாதம் செய்து பழக்கம் இல்லை.

"நான் சம்பளம் கேட்டப்போ ஊழியம்னு சொன்னீங்களே, ஐயா."

"அது ஒரு அர்த்தத்துல சொன்னதும்மா. இது விதிமுறை."

"சம்பளம் கேட்டா ஊழியம், கட்டில் கேட்டா வேலையா?" என்றான் அக்கா மகன். "எங்க சித்திக்கு ரெண்டு பக்கமும் அடியா, சார்?"

போதகர் குறுக்கே வந்தார். அவருக்குக் குரல் நல்ல குரல். மைக் இல்லாமலே கடைசி வரிசைவரை போகும். "தம்பி, கோவப்படக் கூடாது. அம்மா, நீங்க இந்தச் சின்னக் கட்டிலுக்காகக் கவலப்படலாமா? உங்களுக்கு அங்க மாளிகையே ரெடியா இருக்கு."

"சந்தோஷம் ஐயா. அதுவரைக்கும் எங்க படுக்கறது?"

போதகர் சிரித்தார். வாளியம்மா சிரிக்கவில்லை. அவர் வழிதான் கேட்டார்.

வெளியே வந்ததும் புது ஆயா துடைப்பத்தோடு ஓடிவந்து வாளியம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். ஐம்பது வயதுக்காரி. வாளியம்மாவுக்குப் பதிலாக வந்தவள்.

"கட்டில் கேட்டீங்களாக்கா? அது அப்பவே முடிஞ்சு போச்சு. செயலாளரோட மாமியார் வர்றாங்களாம்."

"அந்தம்மா என்ன ஊழியம் செஞ்சாங்க?"

"ஒரு கோடை லீவுல ஞாயித்துக்கிழமைப் பிள்ளைங்களுக்குப் பாட்டு சொல்லிக் குடுத்தாங்களாம். அதெல்லாம் பேரேட்டுல இருக்காம். இதுல வேடிக்கை என்னன்னா, அந்தம்மா வரவே மாட்டேன்னு அழுவுறாங்களாம். பெரிய வீடு, தனி ரூமு. மருமகனுக்குத்தான் அந்த ரூமு வேணும்."

வேனில் ஏறும்போது அக்கா மகன் பல்லைக் கடித்துக்கொண்டு வந்தான். "விடு சித்தி. நம்ம வீடு இருக்கு."

"இருக்குப்பா," என்றார் வாளியம்மா. அவன் வீடு இருந்தது. அதில் இருந்த நடையின் அகலமும் அவருக்குத் தெரியும்.

அந்த வாரம் முழுக்க அவர் அதிகம் பேசவில்லை. மருமகள் பயந்துபோனாள். "அத்தை, நான் ஏதாவது வாய்தவறிப் பேசிட்டேனா?" என்று இரண்டு தடவை கேட்டாள். வாளியம்மாவின் யோசனை வேறு இடத்தில் இருந்தது.

இல்லத்தில் ஒரு வழக்கம் உண்டு. புதிதாக ஒருவர் வந்தால், கட்டிலின் தலைமாட்டுக் கம்பியில் போதகர் கையை வைத்து, ஆளையும் கட்டிலையும் சேர்த்து ஜெபிப்பார். சுற்றி நிற்பவர்கள் ஆமென் சொல்வார்கள். பிறகு ஒரு வெள்ளை அட்டையில் பெயர் எழுதித் தலைமாட்டில் செருகுவார்கள். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அந்த ஆள் உயிரோடு இருக்கும்வரை கட்டிலை மாற்றக் கூடாது. முன்னொரு காலத்தில் ஒரு முரட்டுப் பிரசங்கியாரை வேறு கட்டிலுக்கு மாற்றப் போய், "கர்த்தரிடத்தில் சொன்னதை எப்படி வாபஸ் வாங்குவீர்கள்?" என்று அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு மூன்று நாள் சாப்பிடாமல் கிடந்தார். அதிலிருந்து, ஜெபித்துக் கொடுத்த கட்டிலில் கை வைப்பதில்லை என்று குழு தீர்மானம் போட்டது. தீர்மானத்தை எழுதியவர் இதே செயலாளர்.

அப்படிப்பட்ட ஜெபங்கள் நாற்பதுக்கு மேல் நடந்திருக்கும். ஒவ்வொன்றிலும் கட்டிலின் கால்மாட்டில் வாளியோடு நின்று ஆமென் சொன்னவர் வாளியம்மா. குழுவில் ஆட்கள் மாறினார்கள், போதகர்கள் மாறினார்கள். ஆமென் மட்டும் மாறவில்லை. இன்னொரு விஷயமும் அவருக்குத் தெரியும். ஆண்டுவிழா அன்று பேராயர் ஒவ்வொரு கட்டிலாக வந்து கம்பியைத் தொட்டு ஜெபிப்பார். அவர் நல்ல மனிதர். எழுபத்தைந்து வயதாகியும், ஒரு கட்டிலையும் தாண்டிப் போனதில்லை.

சனிக்கிழமை சாயங்காலம் வாளியம்மா மருமகளைக் கூப்பிட்டார். "என் துணியெல்லாம் ஒரு பையில போட்டு வையும்மா. மாத்திரையும்."

மருமகள் அப்படியே நின்றாள். "எங்க போறீங்க?"

"ஆண்டுவிழாவுக்கு."

"அதுக்கு எதுக்கு நாலு புடவை?" கேட்டுவிட்டு அவளுக்கே புரிந்திருக்க வேண்டும். கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்துவிட்டாள். "நான் உங்களைப் போகச் சொன்னேனா, அத்தை?"

"சொல்லலம்மா. நீ சொல்ற ஆளா? உன் மிஷினுக்கும் கால் இருக்கு, எனக்கும் கால் இருக்கு. ரெண்டும் ஒரே நடையில எத்தன நாள் முட்டிக்கும்?"

மருமகள் பையில் துணி வைத்தாள். அழுதுகொண்டேதான் வைத்தாள். ஆனால் ஒரு துணிகூட விட்டுப்போகாமல் வைத்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆராதனை நடந்துகொண்டிருக்கும்போதே வேன் இல்லத்தின் பின்வாசலுக்கு வந்துவிட்டது. புது ஆயா கதவைத் திறந்தாள். பெண்கள் பக்கத்தில் எல்லாக் கட்டிலுக்கும் வெள்ளை விரிப்பு மாற்றியிருந்தது. ஏழாம் நம்பரிலும் விரிப்பு இருந்தது. வெறும் மெத்தையாகத் தெரிந்தால் விழாப் படத்துக்கு நன்றாக இருக்காதே. வாளியம்மா நடைவண்டியைத் தள்ளிக்கொண்டு போய் அதில் உட்கார்ந்தார். பிறகு இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெல்லக் காலைத் தூக்கி நீட்டினார். கால் நீண்டது. யாரையும் இடிக்கவில்லை.

"அக்கா, யாராவது பாத்தா என்னைத் தொலைச்சிடுவாங்க," என்றாள் புது ஆயா.

"நீ என்னைப் பாக்கல. நீ பாத்ரூம்ல இருந்தே. போ."

பக்கத்துக் கட்டிலில் இருந்த போதகரம்மா கண்ணைச் சுருக்கிக்கொண்டு பார்த்தார். "யாரது? வாளியா? வந்துட்டியா? என் முதுகைக் கொஞ்சம் சொறிஞ்சு விடு."

"இருங்கம்மா. ஆள் வர்றாங்க."

ஆள் வந்தது. பேராயர் முன்னால், அவருக்கு ஒரு பக்கம் போதகர், இன்னொரு பக்கம் செயலாளர், பின்னால் குழுவினரும் படம் எடுக்கிறவரும் இருபது முப்பது விருந்தினர்களும். அரைமணி நேரத்துக்கு முன்புதான் போதகர், வாளியோடும் துடைப்பத்தோடும் செய்கிற ஊழியமே பரலோகத்தில் பெரிய ஊழியம் என்று பேசிப் பலரை அழ வைத்திருந்தார். சில பெண்களுக்குக் கண் இன்னும் சிவந்திருந்தது.

ஒன்று, இரண்டு, மூன்று என்று ஜெபம் நடந்து ஆறாம் நம்பரும் முடிந்தது. ஏழாம் நம்பருக்கு வந்ததும் செயலாளர் நின்றுவிட்டார்.

"இந்த அம்மா யாரு?" என்று பேராயர் கேட்டார்.

"இவங்க... இவங்க வந்து, ஐயா... நம்ம இல்லத்துல..."

"எத்தனை வருஷ ஊழியம்மா?" பேராயர் நேராக வாளியம்மாவிடமே கேட்டார்.

"இருபத்தாறு, ஐயா."

"எங்க?"

"இங்கதான். வாளி தூக்குற ஊழியம்."

பேராயர் போதகர் பக்கம் திரும்பினார். "நீங்க பிரசங்கத்துல சொன்னது இவங்களைத்தானா?"

இருபது முப்பது பேர் போதகரின் வாயைப் பார்த்தார்கள். அதில் கண் சிவந்த பெண்களும் இருந்தார்கள். போதகர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் விட்டத்தைப் பார்த்தார்.

"ஆமாங்க ஐயா," என்றார் போதகர். அவருடைய நல்ல குரல் முதல் வரிசைவரைக்கும்தான் போயிற்று.

பேராயர் தலைமாட்டுக் கம்பியில் கையை வைத்தார். "ஆண்டவரே, இந்தத் தாயாரையும் இந்தக் கட்டிலையும் உம்முடைய கரத்தில் ஒப்புக்கொடுக்கிறோம். இவர்கள் ஜீவனுள்ள நாளெல்லாம் இந்த இடம் இவர்களுக்கு இளைப்பாறுதலாக இருக்கட்டும்."

"ஆமென்," என்றார்கள் எல்லாரும். செயலாளரும் சொன்னார். அவர் சொல்ல நினைக்கவில்லை; வாய் பழக்கத்தில் சொல்லிவிட்டது.

"அட்டை எங்க?" என்று பேராயர் கேட்டார். "எல்லாருக்கும் இருக்கு, இவங்களுக்கு இல்லையே."

செயலாளர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்தார். யாரோ ஒரு வெள்ளை அட்டையை நீட்டினார்கள். பேனா அட்டைக்கு மேலே கொஞ்ச நேரம் நின்றது. வந்த முதல் நாளிலிருந்து இந்த அம்மாளைத் தெரியும். என்ன பெயர் என்று கேட்கத்தான் சந்தர்ப்பம் வாய்க்கவில்லை. விண்ணப்பத்திலும் அவர் ஊழிய ஆண்டுகளைத்தான் பார்த்திருந்தார். இத்தனை பேர் முன்னால் இப்போது கேட்பதும் அழகில்லை. கடைசியில் "வாளியம்மா" என்று எழுதிச் செருகினார். படம் எடுக்கிறவர் அதையும் படம் எடுத்தார்.

விருந்தினர்கள் சாப்பிடப் போன பிறகு செயலாளர் தனியாகத் திரும்பி வந்தார்.

"இது நியாயமாம்மா? குழுவுக்குத் தெரியாம வந்து படுத்துக்கறது?"

"தப்புதான் ஐயா. கால் வலிச்சுது, உக்காந்தேன்."

"இந்தக் கட்டில் வேற ஒருத்தருக்குன்னு முடிவானது."

"தெரியும் ஐயா. பேராயர் இன்னும் சாப்பிட்டுட்டுத்தான் இருக்காரு. போயி, அந்த ஜெபத்தைக் கொஞ்சம் திருப்பி எடுத்துக்கங்கன்னு சொல்லிப் பாருங்க. நான் எழுந்துக்கறேன்."

செயலாளர் வாளியம்மாவையே பார்த்துக்கொண்டு நின்றார். இருபத்தாறு வருஷத்தில் இந்த அம்மாள் தன்னிடம் இத்தனை வார்த்தை பேசியதில்லை என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது. பிறகு போய்விட்டார்.

அடுத்த மாதம் வந்த ஆண்டறிக்கையில் வாளியம்மாவின் படம் முன் அட்டையிலேயே வந்தது. நலிந்த பணியாளர் ஒருவருக்கு விதிகளைத் தளர்த்திக் கட்டில் கொடுத்த குழுவின் தாழ்மையை அதில் பாராட்டியிருந்தார்கள். அதற்கான பலன் அவர்களுக்குப் பரலோகத்தில் கிடைக்கும் என்றும் எழுதியிருந்தார்கள். எழுதியவர் செயலாளர்.

ஆனால் அதெல்லாம் பிறகு நடந்தது. அந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், கூட்டம் எல்லாம் கலைந்த பிறகு, ஜன்னல் வழியே காற்று வந்தது. வாளியம்மா கண்ணை மூடிக்கொண்டு படுத்திருந்தார். பக்கத்துக் கட்டிலில் போதகரம்மா புரண்டுகொண்டிருந்தார். அவருக்கு நடந்தது எல்லாம் மெல்ல மெல்லத்தான் புரிந்தது. புரிந்ததும் பிடிக்கவில்லை.

"நீ இங்க படுத்துட்டா என் முதுகை யாரு தேய்ப்பா?"

"புது ஆயா தேய்ப்பாம்மா."

"அவ கை சொரசொரன்னு இருக்கு." பிறகு பேச்சை வேறு பக்கமாகத் திருப்பினார். குரலில் கரிசனம் கூடியிருந்தது. "உன் நல்லதுக்குத்தான் சொல்றேன், கேளு. எங்க வீட்டுக்காரர் அடிக்கடி சொல்வாரு. இங்க பலனை வாங்கிட்டவங்களுக்கு அங்க ஒண்ணும் மிச்சம் இருக்காதாம். இத்தனை வருஷம் சேத்து வச்ச பலன். ஒரு கட்டிலுக்காக அதை விடலாமா?"

வாளியம்மா கண்ணைத் திறந்தார். போதகரம்மாவின் பக்கம் தலையைத் திருப்பினார். நிஜமான கவலையோடுதான் கேட்டார்.

"நீங்க பதினோரு வருஷமா இந்தக் கட்டில்ல இருக்கீங்களேம்மா. அப்ப அங்க உங்களுக்கு?"

போதகரம்மா சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். சுவரிலும் பதில் இல்லை போலிருக்கிறது; மறுபடி இந்தப் பக்கம் திரும்பினார்.

"வெளிச்சம் கண்ணுல அடிக்குது. அந்தத் திரையை இழுத்து விடு."

வாளியம்மாவின் கை பழக்கத்தில் விரிப்பை விலக்கியது. கால் கீழே இறங்கப் பார்த்தது. அப்புறம் விரிப்பை மறுபடி இழுத்துப் போர்த்திக்கொண்டார்.

"மணியை அடிங்கம்மா. வருவாங்க."

போதகரம்மாவின் கை கட்டிலைச் சுற்றித் தடவியது. வலது பக்கம் தேடியது, தலையணைக்குக் கீழே தேடியது. பதினோரு வருஷமாக அவர் "வாளி" என்றோ, இந்த ஆறு மாதமாக "ஆயா" என்றோ கூப்பிட்டால் போதும், ஆள் வந்து நிற்கும். மணி என்று ஒன்று இருப்பதே அவருக்கு இன்றைக்குத்தான் தெரியும்.

"எங்கடி இருக்கு அது?"

"தலைமாட்டுல, இடது கைப்பக்கம்," என்றார் வாளியம்மா. "தூசு இருந்தா இந்த ஆறு மாசத் தூசுதாம்மா. அதுக்கு முன்னால தினமும் துடைச்சிருக்கேன்."